சிவப்பு நூல் கட்டிய பாட்டில்

சங்கரன்கோவிலில் ஒரு டாக்டரிடம் பாட்டில் கழுவி மருந்து ஊற்றிக் கொடுக்கும் வேலைக்கு நான் சேர்ந்தபோது நாற்பது வயது தாண்டியிருந்தது. சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் இருக்கும். படிப்பு ஐந்தாம் வகுப்பு. யாரிடமும் முகம் பார்த்துப் பேச வராது. அதுவே இந்த வேலைக்கு நல்லது என்று டாக்டர் சொன்னார்.

"இங்கன கேட்டது இங்கனயே கெடக்கணும். யாருக்கு என்ன சீக்குன்னு ஒம்ம பெண்டாட்டிகிட்டகூடச் சொல்லப்பிடாது. தப்புப் பண்ணினா முதல்ல என்கிட்ட வந்து சொல்லும். அடி விழாது."

இரண்டையும் பிடித்துக்கொண்டேன். ஆனால் எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஊற்றி வைத்த பாட்டில்கள் வரிசையில் நிற்கும்போது வலிப்பு மருந்து வேறு யாருக்கும் மாறிப் போய்விடுமோ என்று பயம். அதனால் அந்த மருந்து ஊற்றிய பாட்டில்களின் கழுத்தில் மட்டும் சிவப்பு நூல் கட்டுவேன். டாக்டரைக் கேட்கவில்லை. கேட்கக் கூச்சம்.

அந்த மருந்து வாங்கியவர்கள் இரண்டே பேர். ஒருவர் மாட்டுத் தரகர். தன் வலிப்பை ஊருக்கே சொல்லிச் சிரிப்பவர். இன்னொருத்தி மேலநீலிதநல்லூரிலிருந்து அந்த வருடம் கல்யாணமாகி வந்த பெண். அவளுக்கு வலிப்பு உண்டென்று புருஷனுக்குத் தெரியும். மாமியாருக்குத் தெரியாது. வயிற்றுவலி மருந்து என்று சொல்லியிருந்தார்கள்.

புருஷன்தான் வாரம் ஒருமுறை வந்து வாங்கிப்போவான். ஒருநாள் அவனுக்கு வெளியூர் வேலை. மாமியாரே வந்தாள். தரகரும் பெஞ்சில் இருந்தார். அவள் கையில் நான் கொடுத்த பாட்டிலைப் பார்த்துவிட்டு, தன்னுடையதையும் தூக்கிக் காட்டினார்.

"மதினி, ஒங்க வீட்லயும் நம்ம ஜாதியில ஒரு ஆளு இருக்கா? எனக்கும் செவப்பு நூலுதான் பாத்துக்கிடுங்க. வலிப்பு மருந்துல்லா."

"வாய்க்கு வந்ததப் பேசாதீரும். இது எம் மருமகளுக்கு வயித்துவலிக்கு."

"வயித்துவலிக்கு நூலு கெட்ட மாட்டாருல்லா? அந்தா, வரிசைல நூலு இல்லாம எத்தனை நிக்கி, பாருங்க."

அவள் வரிசையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கம்பவுண்டரே, அவரு சொல்லுதது நெசமா?"

இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால் வாக்குத் தவறுவது. "டாக்டர் ஐயாட்ட கேளுங்க" என்றேன்.

"அப்ப நெசந்தான்" என்றாள். பாட்டிலைப் பலகையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். தரகர் என்னிடம், "நான் வெளாட்டுக்குல்லா சொன்னேன்" என்றார்.

உள்ளே போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வையவில்லை. "எல்லா நூலையும் அவுத்திரும்" என்றார். கொஞ்சம் கழித்து, "மருந்தைத் திடீர்னு நிறுத்தினா வலிப்பு கூடத்தான் செய்யும். அவுக கூப்பிடாம நானா அந்த வீட்டுக்குப் போனா இன்னும் கேவலமாப் போயிரும். புருஷன்காரன் வாரானான்னு பாப்போம்" என்றார்.

அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்தப் பாட்டில் பலகையிலேயே நின்றது. தெருவில் யார் நடந்தாலும் எட்டிப் பார்ப்பேன். அந்தப் பெண்ணின் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். போய் வாசலில் நின்றால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒருதரம் தெரு முனை வரை போய்த் திரும்பிவிட்டேன்.

ஐந்தாம் நாள் அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். கையில் ஒரு தகரப்பெட்டி. மாமியார் திருப்பி அனுப்பிவிட்ட மகளை ஊரில் விட்டுவிட்டு, அவள் பெட்டியை எடுத்துப்போக வந்திருக்கிறார்.

"அஞ்சு நாளா மருந்து இல்ல. ரெண்டு மட்டம் வலிப்பு வந்துட்டு அவளுக்கு. ஊத்தித் தாங்கய்யா."

டாக்டர் அளவைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னார். புதிதாக ஊற்றினேன்.

"விசயம் யாரு வாயி வழியாப் போச்சுன்னு தெரியல. நல்லாத்தான் இருந்தா" என்றார் அவர். என்மேல் அவருக்குச் சந்தேகமே இல்லை. நான் பாட்டிலைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். எதிரில் நிற்கிறவரிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

பாட்டிலை வாங்கிக்கொண்டு திரும்பியவர் நின்றார்.

"வீட்ல எனக்கும் ஒரு மருந்துப் பாட்டில் இருக்கு. எழுத்தும் தெரியாது. மாறிப்போகாம ஒரு அடையாளம் போட்டுத் தாரீகளா?"

நூல்கண்டு என் முன்னால்தான் இருந்தது. அதை எடுத்து, ஒரு முழம் அறுத்து, அவர் கையில் கொடுத்தேன்.

"வீட்டுக்குப் போயி நீங்களே கெட்டிக்கிடுங்க. வழியில வேண்டாம்" என்றேன்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. நூலை மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்து நடந்தார்.