ஜெருசலேமின் அரசர் சாயா குடிக்கிறார்

வெள்ளறடை பஸ் வருகிற வழியாக இல்லை. பாறசாலையைத் தாண்டிய ஒரு சாயாக்கடையில் உட்கார்ந்து சைப்ரஸ் தீவின் பழைய வரலாற்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தீவின் அரசர்களுக்கு ஒரு முடிசூட்டு விழா போதவில்லை. சைப்ரஸுக்கு ஒன்று, ஜெருசலேமுக்கு இன்னொன்று. ஜெருசலேம் கைவிட்டுப் போய்த் தலைமுறைகள் ஆகிவிட்டன. ஆனாலும் அந்தத் திசையைப் பார்த்த கடற்கரை ஊருக்குப் போய், இல்லாத நாட்டுக்கு அரசராக முடிசூடிக்கொண்டு திரும்புகிறார்கள். வெட்கம் கெட்ட ஜென்மங்கள்.

"மெம்பரே, வாங்க, இரிங்க!"

வெள்ளை வேட்டிப் பெரியவர் ஒருவர் நுழைகிறார். கடையே எழுந்து நிற்கிறது. என்னையறியாமல் நானும் எழுந்துவிடுகிறேன். கடைக்காரர் தன் தோள் துண்டால் நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார்.

"இந்த வார்டு மெம்பரா?" என்று கடைக்காரரிடம் கேட்கிறேன்.

"தோத்து ரெண்டு எலக்‌ஷன் கழிஞ்சாச்சு சாரே. ஆனா நமக்கு மெம்பரு இவருதான் ஆக்கும்."

"அப்போ ஜெயிச்சவர்?"

"அது நம்ம ஷீலா. அன்னா நிக்கா பாருங்க."

ரோட்டோரம் குடிநீர்க் குழாய் உடைந்து கிடக்கிறது. முழங்கால் சேற்றில் நின்று ஒரு பெண் பிளம்பருக்குக் குழாயைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். வேலை முடிந்ததும் சேற்றுக் கையோடு வந்து சாயா கேட்கிறார். ஒருவரும் எழவில்லை. நானும்தான்.

பெரியவர் சாயாவை ஊதிக்கொண்டே ஷீலாவிடம் சொல்கிறார்: "தண்ணி வந்ததும் சொல்லு மக்கா. திறந்து வைக்க நான் வாறேன்."

ஜெருசலேமின் முடிசூட்டுக்கு ஏற்பாடு ஆயிற்று.