ஏர்கான் படித்த இரண்டு பெண்கள்

கிள்ளானுக்குப் பக்கத்தில் மேரு என்ற ஊரில் நான் வேலை பார்த்த கையுறைத் தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்தபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. பள்ளியை விட்டதிலிருந்து அங்கேதான் இருந்தேன். கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துப் பெட்டியில் அடுக்குவதைத் தவிர எனக்கு வேறு வேலை தெரியாது. வயது வந்தவர்கள் தொழில்கல்வி படிக்க ஓர் அறக்கட்டளை உபகாரச் சம்பளம் தருவதாகக் கோயிலில் ஒருவர் சொன்னார். எழுதிப் போட்டேன். கிடைத்துவிட்டது.

தையல், கேக், முக ஒப்பனை என்று பெண்கள் வழக்கமாகச் சேரும் வகுப்புகள் இருந்தன. நான் அறையைக் குளிரவைக்கும் ஏர்கானைப் பழுது பார்க்கும் வகுப்பைக் கேட்டேன். கிள்ளான் வெயிலில் ஏர்கான்காரனுக்கு வேலை இல்லாமல் போகுமா என்பதுதான் என் கணக்கு.

"உன்னால ஏணில ஏற முடியுமா?" என்றார் என் கணவர். கேலியாக இல்லை; உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

வகுப்பில் என்னைத் தவிர இன்னொரு பெண்ணும் இருந்தார். செந்தூலில் ரயில்வே குடும்பத்தில் பிறந்தவர், கணவர் இறந்துவிட்டார், என்னைவிடச் சில வயது மூத்தவர். அக்கா என்று கூப்பிட்டேன். தினமும் கொமுட்டர் ரயில் பிடித்து, நடுவில் மாறி, கிள்ளானுக்கு வருவார். பையனாக இருந்திருந்தால் அப்பா தன்னை ரயில் பட்டறையில் சேர்த்திருப்பார் என்று ஒருமுறை சொன்னார். மற்றவர்கள் எல்லாரும் எங்கள் பிள்ளைகள் வயதுப் பையன்கள். அதனால் வகுப்புப் பட்டறையில் நாங்கள் இருவரும் ஒரே மேசை.

செப்புக் குழாயை நெருப்பில் காட்டி ஒட்டவைக்கும் பாடம் எனக்குப் பயமாக இருந்தது. முதல் சில தடவை குழாயையே உருக்கிவிட்டேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து, "அவசரப்படாதம்மா, நெருப்பு தானா வேல செய்யும்" என்றார். ஒருநாள் நான் ஒட்டிய குழாயில் காற்றை ஏற்றி, மேலே சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை. பயிற்றுநரை நாங்கள் மலாய் வழக்கப்படி சிக்கு என்றுதான் கூப்பிடுவோம். அவர் அந்தக் குழாயைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார். வீட்டுக்குப் போய் அதைக் கணவரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

எழுத்துத் தேர்விலும் இருவரும் தேறினோம். மீதி இருந்தது பிராக்டிகல். ஏதாவது ஒரு நிறுவனத்தில் சில மாதம் வேலை செய்து, செய்த வேலைகளுக்கு முதலாளியின் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால்தான் சான்றிதழ். பையன்களுக்கு ஒரு வாரத்தில் இடம் கிடைத்தது. நாங்கள் கிள்ளான், மேரு, ஷா ஆலம் என்று கடை கடையாக ஏறி இறங்கினோம்.

"யாருக்கு, உங்க மகனுக்கா ஆன்டி?" என்று கேட்டார் ஒருவர். எனக்குத்தான் என்றதும் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். வேலை நடக்கும் சைட்டில் பெண்களுக்கு டாய்லெட் இல்லை என்றார் இன்னொருவர். மேருவில் ஒரு தமிழ் முதலாளி மட்டும் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசினார்.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. கஸ்டமர்தான் பயப்படுவாங்க லா. லேடீஸ் ஏணில ஏறி விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்றவர், கடைசியில் ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பட்டறையில் எங்களில் யார் கெட்டிக்காரர் என்பது எனக்குத் தெரியும். அக்காவைக் காட்டினேன். வெளியே வந்து அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உள்ள போயிட்டா உன்னையும் இழுத்துடுவேன்" என்றார்.

அவரை அங்கே தொலைபேசி எடுக்கச் சொன்னார்கள். ஃபில்டர் கழுவச் சொன்னார்கள். பையன்களுக்குக் காப்பி கலக்கச் சொன்னார்கள். ஏர்கான் வேலை கொடுங்கள் என்று அக்கா கேட்டுக் கேட்டுப் பார்த்தார். ஒருநாள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, கடையிலேயே ஓடாமல் கிடந்த ஏர்கானைத் தானே ஏணி வைத்து ஏறிக் கழற்றினார். எங்கே கோளாறு என்று கண்டுபிடித்துச் சரிசெய்தும்விட்டார். முதலாளி திரும்பி வந்தபோது அது ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா விழுந்திருந்தா என் லைசன்ஸ் போயிருக்கும். நாளையிலேர்ந்து வராதீங்க" என்றாராம்.

இதை என்னிடம் சொன்னபோது அக்கா அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்குள் உபகாரச் சம்பளத்தின் காலக்கெடு முடிந்தது. நீட்டிக்க வழியில்லை என்று அறக்கட்டளையில் சொன்னார்கள். அக்கா டெங்கிலில் ஒரு வீட்டில் படுக்கையாகக் கிடக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு, அங்கேயே தங்குவதாகப் போய்விட்டார். நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன்.

போன மாதம் அறக்கட்டளையிலிருந்து அழைத்தார்கள். பிரிக்பீல்ட்ஸிலேயே ஒரு மண்டபத்தில் புதிதாகச் சேர வருகிறவர்களுக்குக் கூட்டமாம். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் என்று நான் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். பிராக்டிகலுக்கு ஏதாவது வழி கேட்கலாம் என்ற நப்பாசையில், வேலை முடிந்த கையோடு ஈரச் சட்டையுடன் போனேன். நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். நான் ஒட்டிய குழாயைப் பற்றிச் சொன்னேன். கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து, "இப்ப எங்க வேல செய்றீங்கக்கா?" என்று கேட்டாள்.

"பாத்திரம் கழுவுறேம்மா. எனக்கு பிராக்டிகல் கிடைக்கல. பொம்பளைங்கள எடுக்க மாட்டேங்கறாங்க."

அறக்கட்டளை அதிகாரி மெதுவாக மைக்கை வாங்கிக்கொண்டு, அனுபவம் ஆளுக்கு ஆள் மாறும் என்றார். பிறகு பதிவு தொடங்கியது. ஒருவர்கூட எழுந்து போகவில்லை. கேள்வி கேட்டவளே முதலில் போய் வரிசையில் நின்றாள். என்னைப் பார்த்ததும், "வேற எங்கக்கா போறது?" என்றாள். நான் அவளைத் தடுக்கவில்லை. தடுத்து எங்கே அனுப்புவது? அதிகாரி கூட்டத்துக்கு நடுவில் இருந்தார். நான் கேட்க வந்ததைக் கேட்காமலே வெளியே வந்தேன்.

ரயிலுக்குக் காத்திருக்கும்போது அக்காவை அழைத்தேன். வெகுநேரம் கழித்து எடுத்தார்.

"ஐயாவுக்கு டயப்பர் மாத்திக்கிட்டு இருக்கேம்மா. அப்புறம் கூப்பிடறேன்."

இன்னும் கூப்பிடவில்லை.