எத்தனை புள்ளி, சார்?

நாலு நாளாகிவிட்டது. அசதி இன்னும் போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, கீரனூர்ப் பக்கம் ஒரு தைலமரக் காடு. உள்ளே ஒரு பாறையில் நாலு வரிக் கல்வெட்டு. படம் எடுக்க நானும் நண்பர் சேவியரும் போயிருந்தோம். பள்ளிக்கூடக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர்; என்னோடு வெயிலில் அலையச் சம்மதிக்கும் ஒரே ஆள். வழியில் நின்ற கிளையை ஒதுக்கினார்... மேலே கதண்டுக் குளவிக் கூடு.

ஏழெட்டுக் கொட்டு. கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, மூச்சு விசிலடித்தது. தூக்கிக்கொண்டு நடக்கிற வயதா எனக்கு? போனில் நெட் இல்லை. பேச மட்டும் ஒரு கோடு சிக்னல். ஆம்புலன்ஸுக்கு அடித்தேன். டிரைவர் லைனில் வந்தார்.

"எங்கிட்டு சார் இருக்கீங்க?"

இந்தக் கேள்விக்குத்தானே இத்தனை வருடம் தயாராக இருந்தேன்? கல்வெட்டு கண்ட இடத்தையெல்லாம் அட்சரேகை, தீர்க்கரேகையோடு நோட்டில் குறிப்பவன் நான். நிறுத்தி வாசித்தேன்: பத்து புள்ளி முப்பத்தொன்று; எழுபத்தெட்டு புள்ளி நாற்பத்தெட்டு. கடைசி எண்கள் வெறும் செகண்டுதானே என்று விட்டுவிட்டேன். ஊர்ப் பெயரும் சொல்லவில்லை – எண் இருக்கும்போது ஊர் எதற்கு?

கால் மணி நேரம் கழித்து நானே கூப்பிட்டேன்.

"பொன்னமராவதி ரோட்டுல வந்துக்கிட்டிருக்கோம் சார்."

"நாங்க கீரனூர்ப் பக்கம்ல இருக்கோம்?"

வண்டியை ஓரம் கட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நோட்டப் பாருங்க சார். ஒரு நம்பருக்குள்ள எத்தனை புள்ளி?"

"ரெண்டு."

"அப்ப அது டிகிரி, நிமிஷம், செகண்டு. நீங்க ஒத்தப் புள்ளியோட நிறுத்திட்டீங்க. நான் அத தசமம்னு நெனச்சு அப்படியே மேப்புல போட்டுட்டேன். திருப்புறேன், லைன வச்சிராதீங்க."

தேதியை எழுதுகிற மாதிரியே எல்லாவற்றுக்கும் புள்ளி வைக்கிறவன் நான். எண்கள் அத்தனையும் சரி. அதனால் என்ன? ஆம்புலன்ஸ் நாற்பது கிலோமீட்டர் தள்ளியல்லவா இடத்தைத் தேடிப் போனது!

வண்டி வரும்வரை சேவியரின் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் அது நின்று நின்று வந்தது. என் கை தானாக நோட்டைத் திறந்து மணியைக் குறித்தது. பழக்கம்... வேறென்ன சொல்ல? அவர் பார்த்துவிட்டார்.

ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்து, மறுநாள்தான் அவருக்குப் பேச்சு வந்தது.

"யோவ், மணியக் குறிச்சியே, எதுக்குய்யா?"

நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

"அந்த வரிய அடிச்சிரு."

ஆபத்தில் மாட்டினால் முதலில் ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். எண் சொன்னால் டிகிரி, நிமிஷம் என்று வாய்விட்டே சொல்லுங்கள்.

என் நோட்டில் நான் அடித்த முதல் வரி, அந்த மணியைக் குறித்த வரிதான்.