அட்மின் என்ற பெயருக்குப் பின்னால்

திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். கம்ப்யூட்டரில் எங்கள் நான்கு பேருக்கும் 'அட்மின்' என்று ஒரே கணக்குதான் இருந்தது. அதற்குப் பாஸ்வேர்டு வைத்தவர் சீனியரான செல்வி அக்கா. தன் மகளின் பெயரையே வைத்திருந்தார்.

ஒருநாள் காலை, நோயாளிகள் கூட்டத்தின் அவசரத்தில், ஒரு கர்ப்பிணியின் ரத்த வகையை நெகட்டிவ் என்பதற்குப் பதில் பாசிட்டிவ் என்று பதிந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் மறுபடி சோதித்ததால் விபரீதம் எதுவும் நடக்கவில்லை. அங்கிருந்து தகவல் வந்ததும் எங்கள் முதலாளி கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார். பதிந்தவர் பெயர்: அட்மின்.

"உன் பொண்ணு பேரைத்தானே இதுக்குப் பாஸ்வேர்டா வெச்சிருக்கே?" என்று அக்காவிடம் பாய்ந்தார்.

"எல்லாரும் அதைத்தாங்க போட்டுக்கினு இருக்கோம். இது நான் பண்ணலைங்க" என்று அக்கா அழுதார்.

நான் பக்கத்திலேயே ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பதிந்தது நான்தான் என்று சொல்லாமல் அடுக்கிக்கொண்டே இருந்தேன். மறுநாள் முதல் அக்கா வேலைக்கு வரவில்லை.

பிறகு ஆளுக்கொரு கணக்கு கொடுத்தார்கள். பதிந்த முடிவைத் திருத்தும் உரிமை, ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் டாக்டருக்கு மட்டும்தான். முதல் ரிப்போர்ட்டின் கீழே என் பெயரைப் பார்த்ததும் எனக்கு வேலையே ஓடவில்லை. முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அந்த ஞாயிறே விக்கிரவாண்டியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய் அவரிடமும் சொன்னேன்.

"அன்னிக்கே தெரியும். அடுக்கின ஊசியையே திரும்பத் திரும்ப அடுக்கிக்கினு இருந்தே. நீயே சொல்லுவேன்னு பார்த்துக்கினு இருந்தேன்" என்றார்.

முதலாளி அழைத்தும் அக்கா திரும்பி வரவில்லை. இப்போது தண்ணீர் குடிக்க எழுந்தாலும் என் கணக்கை மூடிவிட்டுத்தான் எழுகிறேன். தவறு நேர்ந்தால், யாரும் கேட்குமுன் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். அன்று கம்ப்யூட்டர் காட்டாத பெயரையும் இங்கே நானே எழுதுகிறேன்: கலைவாணி.