மூன்று அளவுகள் தொடர்ந்து எல்லை தாண்டினால்

குளிர்பதனக் கிடங்கில் அவரை எல்லோரும் மைனஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தொன்பது ஆண்டு ஏழு மாதம், ஆறு அறைகளின் குளிர்நிலையை மணிக்கொரு முறை பார்த்து எழுதியவர். மீன் பெட்டிகள் அடுக்கிய நான்காம் அறையின் எல்லை மைனஸ் பதினெட்டு. அந்த எண்ணைச் சொல்லிச் சொல்லியே பெயர் ஒட்டிக்கொண்டது.

அவருடைய பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது. பார்க்காத அளவை ஊகித்து எழுதியதும் கிடையாது. ஏதாவது காரணத்தால் ஒரு மணி தவறிப்போனால் அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு, பக்கத்தில் கையெழுத்து. பத்தொன்பது ஆண்டில் அப்படிப்பட்ட கோடுகள் மொத்தம் நான்கு. கிடங்கின் முக்கியமான விதி இது: மூன்று அளவுகள் தொடர்ந்து எல்லை தாண்டினால், ஓடுகிற கம்ப்ரசரை நிறுத்திவிட்டு மாற்றுக் கம்ப்ரசரைப் போட வேண்டும். அந்த விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைக் கொண்டுவந்தவரே அவர்தான்.

சென்ற ஆண்டு அவருடைய வார விடுமுறை நாளில் நான்காம் அறையின் கம்ப்ரசர் நின்றது. யாரும் கவனிக்கவில்லை. மீன் அத்தனையும் குப்பைக்குப் போயிற்று. விசாரித்து, அவர் மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்ததை அவர் மனம்தான் ஏற்கவில்லை. கிடங்கில் அடிக்கும் அலாரம் தன் கைப்பேசிக்கும் வரட்டும் என்று தானே கேட்டு வாங்கிக்கொண்டார். அறைக்கதவு அரை நிமிடம் கூடுதலாகத் திறந்திருந்தாலும் அது கத்தும். நாளுக்குப் பதினான்கு முறை, சில நாள் இருபது. குளிக்கும்போது வாளிக்குப் பக்கத்தில் கைப்பேசி, சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் கைப்பேசி. பதினோரு மாதம் இப்படி ஓடியது. பிறகு அது அடிக்காத நேரத்திலும் அவர் காதில் அடித்தது. உறக்கம் போயிற்று. எட்டு கிலோ இளைத்தார். ஒரு நாள் காலை பத்து மணிக்கு நான்காம் அறை வாசலில் நின்று எண்ணைப் பார்த்தார். பார்த்ததை எழுதக் கை எழவில்லை. பேனாவைப் பிடித்தபடி இருபது நிமிடம் நின்றார்.

மேலாளர் எட்டு வாரம் விடுப்புக் கொடுத்தார். "டாக்டர் சரின்னு எழுதிக் குடுத்தா அறைங்க உங்களுக்குத்தாண்ணே. இல்லேன்னா கேட்ல வண்டி நம்பர் எழுதற வேலை இருக்கு. அதுவும் எழுதற வேலைதானே?"

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் வீடு வரை முள்ளாகக் கூடவே வந்தது.

மனநல மருத்துவர் நாற்பது வயதுப் பெண்மணி. தினம் காலையில் ஒரு மாத்திரை எழுதினார். "முதல் ரெண்டு வாரம் படபடப்பு கூடின மாதிரி கூட இருக்கும். நாலுலேருந்து ஆறு வாரம் பொறுக்கணும். ரொம்ப மோசமாச்சுன்னா எனக்குப் போன் பண்ணுங்க. நீங்களா நிறுத்தக்கூடாது" என்றார். அவர் தலையாட்டினார். அன்று இருந்த களைப்பில் அவர் குறித்துக்கொண்டது, 'ஒன்று, காலை, சாப்பிட்ட பின்' என்பது மட்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பழைய டைரியில் கட்டம் போட்டார். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு முறை மனத்தின் அளவு. பூச்சியத்திலிருந்து பத்து வரை, பத்து என்றால் நலம். நாளின் சராசரி மூன்றுக்குக் கீழே போனால் எல்லை தாண்டியதாகக் கணக்கு. மனைவி வீட்டிலேயே துணி தைப்பவர். தையல் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"எனக்கும் ஒரு கட்டம் போட்டுக்கோங்க. நான் எத்தனை டிகிரில கொதிக்கிறேன்னு தெரிஞ்சுக்கலாம்."

அவர் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடம் அது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

முதல் நாள் சராசரி 3.2. ஒன்பதாம் நாள் 3.0. பத்தாம் நாள் 2.4, பதினோராம் நாள் 2.1, பன்னிரண்டாம் நாள் 1.9. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது. பதின்மூன்றாம் நாள் காலை மாத்திரையைத் தொடவில்லை. டைரியில் எழுதினார்: 'நிறுத்தப்பட்டது. காரணம், மூன்று தொடர் அளவுகள்.' கீழே கையெழுத்து.

நிறுத்திய நான்காம் நாள் தலை கிறுகிறுத்துச் சமையலறை வாசலில் உட்கார்ந்துவிட்டார். மனைவி மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தார். நான்கு மாத்திரை அதிகமாக இருந்தது. உடனே தம்பிக்குப் போன் போட்டார். ஆட்டோ ஓட்டுகிற அந்த மச்சான் பத்து நிமிடத்தில் வந்து டைரியைப் படித்தார்.

"மாமா, ஒரு சந்தேகம். அங்க ஒரு மிஷினை நிறுத்தினா இன்னொண்ணைப் போடுவீங்க. இங்க எதைப் போட்டீங்க?"

அவர் மாத்திரை அட்டையைப் பார்த்தார்.

"ஸ்பேர் இல்லாத வண்டியில எஞ்சினைக் கழட்டி வச்சிருக்கீங்க. ஏறுங்க, போலாம்."

"மாப்ள, டைரியையும் எடுத்துக்க."

மருத்துவர் டைரியைப் பொறுமையாகப் புரட்டினார். திட்டவில்லை. "இவ்வளவு ஒழுங்கா எழுதினவர் எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார்.

"அளவு இறங்குச்சும்மா. விதிப்படி செஞ்சேன்."

"சரி, நானும் உங்க விதிப்படியே சொல்றேன். பதினோரு மாசம் அலாரம் அடிச்சா கார்டிசால்னு ஒரு ஹார்மோன் உடம்புல ஏறினது ஏறினபடியே இருக்கலாம். மூளையில ஒரு செல்லு இன்னொரு செல்லுக்குச் சேதி அனுப்பற சரக்கு ஒண்ணு இருக்கு, செரட்டோனின். அதை வாங்கிக்கற இடத்துக்கு ரிசப்டார்னு பேரு. அந்த ஹார்மோன் நாள்கணக்கா அதிகமா இருந்தா சில ரிசப்டார் குறைஞ்சுபோகுது, மந்தமாகுதுன்னு விலங்குகளை வச்சு செஞ்ச ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க."

"மாத்திரை என்ன பண்ணுது?"

"அனுப்பின சரக்கைச் செல்லு திரும்ப உள்ள இழுத்துக்காம தடுக்குது. வெளிய சரக்கு கூடுது. இது முதல் நாள்லயே ஆரம்பிச்சுடும்."

"அப்ப மனசு ஏன் முதல் நாளே ஏறல?"

"அனுப்பற செல்லு மேலயே ஒரு ரிசப்டார் இருக்கு. சென்சார்னு வச்சுக்கோங்க. வெளிய சரக்கு கூடினதைப் பார்த்ததும் 'போதும், மெதுவா ஓடு'ன்னு செல்லைத் தடுத்துடும்."

"கட்-ஆப்" என்றார் அவர். கிடங்கில் மிஷினைத் தானாக நிறுத்துகிற சுவிட்சுக்கு அதுதான் பெயர்.

"அதேதான். விடாம மாத்திரை போட்டா ரெண்டு மூணு வாரத்துல அந்த சென்சார் மரத்துப்போகும். செல்லு மறுபடி வேகம் எடுக்கும். அதுவரைக்கும் கஷ்டம்தான். ஆனா ஒண்ணு, இது ஒரு விளக்கம். இது மட்டும்தான் காரணம்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

பார்க்காததற்குக் கையெழுத்துப் போடாத மனுஷி என்று அவருக்கு மரியாதை வந்தது. டைரியில் பத்தாம் நாள் பக்கத்தைத் திருப்பினார்.

"சரக்கு ஏத்தற நாள்" என்றார்.

"என்னது?"

சொன்னார். வெளிச்சூட்டோடு வருகிற சரக்கை அறைக்குள் அடுக்கினால், சரக்குக்குள் குளிர் இறங்குவதற்கு முன் அளவு ஏறத்தான் செய்யும். பதினோரு ஆண்டுக்கு முன் அது தெரியாமல், மூன்று அளவு தாண்டிவிட்டதென்று கம்ப்ரசரை மாற்றி மாற்றிப் போட்டு, இரண்டு மிஷினையும் கெடுத்தார்கள். அன்றிலிருந்து சரக்கு ஏற்றிய இரண்டு நாளைக்குப் பதிவேட்டின் ஓரத்தில் சிவப்புக் கோடு இழுப்பார். அந்தக் கோட்டுக்குள் எழுதிய அளவை வைத்து யாரும் மிஷினில் கை வைக்கக்கூடாது.

"ஊருக்கெல்லாம் அந்தக் கோட்டைப் போட்டேன். எனக்குப் போட மறந்துட்டேன்" என்றார்.

மருத்துவர் தன் மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை நீட்டினார். அவர் அதை வாங்கி, மறுநாளை முதல் நாளாக வைத்து இருபத்தொரு நாளுக்குக் கோடு இழுத்தார். "ரொம்ப முடியலேன்னா?" என்று கேட்டார் மருத்துவர்.

"போன் பண்ணணும்."

"எழுதிக்கோங்க." எழுதிக்கொண்டார்.

மறுபடியும் அதே பாடு. எழுந்தும் உட்கார்ந்தும் தவிப்பு, எதிலும் பிடிப்பில்லாத சலிப்பு. பன்னிரண்டாம் நாள் சராசரி 1.8. முன்பைவிட 0.1 மோசம். சிவப்புக் கோட்டைப் பார்த்தார். மருத்துவருக்குப் போன் செய்தார். அவர் வந்து பார்க்கச் சொல்ல, போய்வந்தார். மறுநாள் காலை மனைவி நீட்டிய மாத்திரையை விழுங்கினார். நம்பிக்கையோடு விழுங்கினார் என்று சொல்ல முடியாது. விதி என்று விழுங்கினார்.

கோடு முடிந்த இருபத்திரண்டாம் நாள் 2.9. இருபத்தெட்டாம் நாள் 3.4. பெரிதாகக் கொண்டாட ஒன்றுமில்லை. முப்பத்து மூன்றாம் நாள் மாலை மனைவிதான் கண்டுபிடித்தார்.

"என்னங்க, மூணு மணிக்கு ஒண்ணும் எழுதலையே?"

அவர் திடுக்கிட்டார். மூன்று மணிக்கு மிஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு, மனைவி தைத்து முடித்த சட்டைகளுக்குப் பொத்தான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மணி போனதே தெரியவில்லை.

"நாலுன்னு போட்டுக்கோங்க. யார் வந்து பார்க்கப் போறா?"

"பார்க்காததை எழுதக்கூடாது."

கட்டத்தில் கோடு போட்டுக் கையெழுத்திட்டார். வாழ்க்கையில் ஐந்தாவது கோடு. அடுத்த வாரத்தில் மேலும் ஏழு கோடுகள் விழுந்தன.

எட்டாம் வாரக் கடைசியில் மருத்துவர் எண்களை மேலோட்டமாகத்தான் பார்த்தார். மணியை மறந்த அந்தக் கோடுகளைத்தான் விரல் வைத்து எண்ணினார். பிறகு சான்றிதழ் எழுதினார். மாத்திரை இன்னும் பல மாதம் தொடர வேண்டும், அலாரம் அவர் கைப்பேசிக்கு வராமல் வேலை நேரத்தில் இருப்பவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று இரண்டு நிபந்தனை. மேலாளர் ஒப்புக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நான்காம் அறை வாசலில் நின்றார். மைனஸ் 18.3. பேனாவை எடுத்தார். கை எழுந்தது. எழுதினார். எட்டு மணி நேரத்தில் அறைக்கு எட்டு அளவு. நடுவே இரண்டு முறை கவிழ்த்த பெட்டி மேல் உட்கார வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது மனைவி கேட்டார்: "இன்னைக்கு எத்தனை?"

டைரி அலமாரியில் இருந்தது. அவர் எடுக்கவில்லை.

"அலுப்பா இருக்கு" என்றார். பிறகு யோசித்து, சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சேர்த்துக்கொண்டார்: "வேலை செஞ்ச அலுப்பு."