பாட்டை நிறுத்தாத பவுன்ராஜ்

பவுன்ராஜின் மச்சினன் கார்த்தி போன் பண்ணியபோது மத்தியானச் சாப்பாடு முடித்து வந்து கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். "அக்கா, மச்சான் போயிட்டாருக்கா. நெஞ்சு வலி. திருவிழாவுல வச்சே முடிஞ்சுபோச்சு" என்று அழுதான். அழுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று நீங்கள் நினைக்கலாம். என் வாயில் அதுதான் வந்தது. "மிக்ஸர்ல தண்ணி விழுந்துச்சாடா?" என்றேன். அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நின்றது. போனை வைத்துவிட்டான். எனக்கு விளங்கிவிட்டது.

பவுன்ராஜுக்கு நினைவு மலர் போடுகிறோம், உங்கள் கடைக்குத்தான் அதிகம் வருவான், நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று நம் சவுண்ட் சர்வீஸ் சங்கத்தில் கேட்டார்கள். தேனியில் ஆம்ப்ளிஃபயரும் டீஜே மிக்ஸரும் பழுது பார்க்கிற கடை நான் வைத்திருப்பது உங்களுக்கெல்லாம் தெரியும். இந்த மலரைப் படிக்கப்போகிற எல்லாருமே சொட்டச் சொட்ட நனைந்த மிக்ஸரை என் மேசையில் வைத்து, "தானா நின்னுருச்சுக்கா" என்று முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னவர்கள்தான். நல்ல வார்த்தை என்னிடம் இருக்கிறது. ஆனால் இப்போது எனக்கு இருப்பது கோபம். அதைத்தான் எழுதுகிறேன். வேண்டுமென்றால் போடுங்கள், இல்லையென்றால் கிழித்துப் போடுங்கள்.

பவுன்ராஜ் என் கடைக்கு முதன்முதலாக வந்தது ஒரு அரிசிச் சாக்கோடு. கே.கே.பட்டியில் ஒரு கல்யாணம்; மாப்பிள்ளையின் தோழன் எவனோ இளநீரை மிக்ஸர் மேலேயே வைத்துவிட்டு ஆடப்போயிருக்கிறான். கவிழ்ந்துவிட்டது. இவன் அதை நிறுத்தவில்லை, துண்டால் துடைத்துத் துடைத்துக் கல்யாணம் முடிகிறவரை ஓட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் அரிசிச் சாக்குக்குள் புதைத்து வைத்திருக்கிறான். போனில் எதையோ பார்த்தானாம், அரிசி ஈரத்தை உறிஞ்சுமாம். நான் திறந்து பார்த்தால், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் தள்ளுகிற ஃபேடர் பொந்துகளில் எல்லாம் குருணை. இளநீர்ச் சர்க்கரையில் தவிட்டு மாவு ஒட்டிப் பசையாகி, பணியாரத்துக்கு மாவு கரைத்த மாதிரி கிடந்தது. "அந்த அரிசியை என்னலே செஞ்சே?" என்றேன். "பொங்கிட்டோம்க்கா. சோறு நல்லாத்தான் இருந்துச்சு" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்காமல் நன்றாகத் திட்டினேன்.

அன்றைக்கே எடுத்துச் சொன்னேன். எது கொட்டினாலும் முதலில் மெயின் சுவிட்சை இறக்கு. பிளக்கைப் பிடுங்கு. அதற்குப் பிறகுதான் மிக்ஸரில் கை வை. கவிழ்த்துப் போட்டு வடியவிடு, காய்ந்த மாதிரித் தெரிந்தாலும் போடாதே, என்னிடம் கொண்டு வா, கழற்றி ஸ்பிரிட் விட்டுக் கழுவித் தருகிறேன். தண்ணீர் காய்ந்துவிடும், அதிலிருந்த உப்பும் சர்க்கரையும் காயாது, உள்ளேயே உட்கார்ந்திருக்கும். இவ்வளவும் கேட்டுவிட்டு அவன் சொன்னது ஒரே வரி: "பாட்டு நின்னா ஊர்க்காரக அடிப்பாகக்கா." அடித்தால் வாங்கிக்கொள், அடி ஆறும் என்றேன். "ஏக்கா, பவுன் ஆடியோஸ்ல பாட்டு நின்னுச்சுன்னு ஒரு ஊர்லயும் பேச்சு வரக் கூடாதுக்கா" என்றான். அதைப் பெரிய வீரம் மாதிரி வண்டியின் முன்கண்ணாடியிலும் எழுதி ஒட்டிக்கொண்டான். நீங்களும் அதைப் படித்துக் கைதட்டினீர்கள்.

அவனுக்கு இன்னொரு கெட்ட பழக்கம், உங்களில் பாதிப் பேருக்கும் உண்டு. ஸ்பீக்கரில் கொர்ரென்று ஒரு இரைச்சல் வந்தால், மூன்று முள் பிளக்கில் பெரிய முள்ளை, அதுதான் எர்த்தை, ரம்பம் வைத்து அறுத்துவிடுவது. இரைச்சல் போய்விடும். மிக்ஸரின் தகரப் பெட்டிக்குள் கரண்ட் இறங்கினால் அது பூமிக்குப் போகிற வழியும் கூடவே போய்விடும். அப்புறம் அந்தப் பெட்டியைத் தொடுகிறவன் உடம்புதான் வழி. நான் புதுப் பிளக் போட்டுக் கொடுப்பேன். அடுத்த தடவை வரும்போது முள் இருக்காது. "இது எங்கடா?" என்றால், ஓடைப்பட்டித் திராட்சைக் கொத்து ஒன்றை எடுத்து மேசையில் வைப்பான். "நம்ம ஊர்ப் பழம்க்கா, விதையில்லாதது." அதையும் திறந்து கிடக்கிற போர்டு மேலேயே வைப்பான். எடுடா அதை முதலில் என்று கத்துவேன். நான் கத்துவது அவனுக்குப் பாட்டுக் கேட்கிற மாதிரி.

எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது மஞ்சத்தண்ணியால். திருவிழாக் கடைசி நாள் முறைக்காரர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் மஞ்சத்தண்ணி ஊற்றி விளையாடுவது நம் பக்கத்து எல்லா ஊருக்கும் உள்ளதுதான். ஒவ்வொரு வருசமும் அந்தச் சீசன் முடிந்தால் என் கடை முழுக்க மஞ்சள் வாடை. உப்பு, வேப்பிலை, சுண்ணாம்பு என்று என்னென்னவோ கலந்த தண்ணி அது. வெறும் தண்ணியைவிட மோசம். பொறுக்க முடியாமல் நானே கண்ணாடிப் பிளாஸ்டிக் வாங்கி, கை மட்டும் உள்ளே போகிற மாதிரி வெட்டித் தைத்து, அவன் மிக்ஸருக்கு ஓர் உறை செய்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனவன், திருவிழாவுக்கு முந்தின நாள் மடித்த மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொண்டுவந்தான்.

"வேணாம்க்கா. மூடி வச்சா, மாப்ள நம்மகிட்ட ஒட்டமாட்டேங்குறான்னு நெனச்சுருவாக."

அவன் கதை உங்களில் பலருக்குத் தெரியாது. அவன் அப்பா ஆத்தாளை ரெண்டு வீடும் சேர்க்கவில்லை. மாமன் என்று ஒரு வீடு, சித்தப்பன் என்று ஒரு வீடு, எதுவும் இல்லாமல் வளர்ந்தவன். செட்டு வைத்த பிறகுதான் ஊர் ஊருக்கு அவனை "மாப்ள" என்று கூப்பிட ஆள் வந்தது. மஞ்சத்தண்ணி ஊற்றினால்தான் முறை, ஊற்றாவிட்டால் அந்நியன். "முறைக்காரக ஆசையா ஊத்த வாராக, நான் குடை பிடிச்சுக்கிட்டு நிக்கவா?" என்றான். "ஏலே, ஒன் மேல ஊத்தட்டும், வேணாங்கல. மிக்ஸர் என்ன, ஊருக்கு மச்சானா?" என்றேன். "நானும் அதுவும் ஒண்ணுதான்க்கா." "அப்ப நான் என்ன முறைடா ஒனக்கு?" "நீங்க அக்கா. அக்கா மாரு தண்ணி ஊத்த மாட்டாக, திட்டத்தான் செய்வாக" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். இனிமேல் நனைந்த மிக்ஸரோடு என் கடை வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டேன். அவனும் கேட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு காய்ந்த பிறகுதான் கொண்டுவந்தான்.

துக்க வீட்டில் கார்த்தி என் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தான். கார்த்தி பவுன்ராஜின் மனைவி செல்வியோடு கூடப் பிறந்தவன். கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது. செட்டில் பவுன்ராஜுக்கு வலது கை. பந்தலுக்குப் பின்னால் பிடித்து நிறுத்திக் கேட்டேன். சொன்னான். ஊர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் மற்ற ஊர்களெல்லாம் நிம்மதியாகிவிடும்.

கோயில் முன்னால் இரும்பு மேசை போட்டு, கோயில் மீட்டரிலிருந்து லைன் இழுத்திருந்தார்கள். கோயில் இடம் என்பதால் பவுன்ராஜ் காலில் செருப்பில்லை. காலையிலிருந்து ஊற்றி ஊற்றித் தரை முழுக்கச் சேறு. யாரோ ஒரு மச்சினன் குடத்தோடு வந்து அவன் தலையில் கவிழ்க்க, பாதி மிக்ஸருக்குள் போயிருக்கிறது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இவன் ஈரத் துண்டை எடுத்து, மெயினை இறக்காமல், மிக்ஸரைத் துடைத்திருக்கிறான். உடம்பு வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது.

"சாமி வந்துருச்சுன்னு நெனச்சாகக்கா" என்றான் கார்த்தி.

கூட்டம் குலவை போட்டிருக்கிறது. கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறது. சாமி வந்தவனைக் குளிர வைக்க இன்னும் ரெண்டு குடம் மஞ்சத்தண்ணி ஊற்றியிருக்கிறது. கார்த்திக்குத்தான் சந்தேகம் வந்து ஓடிப்போய் மெயினை இறக்கினான். அதுவரைக்கும் பாட்டு நிற்கவில்லை. சந்தோசம்தானே உங்களுக்கு?

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. போலீசு, ஆஸ்பத்திரி என்று போனால் திருவிழா கெட்டுப்போகும் என்று பெரிய மனிதர்கள் கூடிப் பேசி, நெஞ்சு வலி என்று முடிவு செய்திருக்கிறார்கள். அவன் உள்ளங்கையில் கருகிக் கிடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள். மாலையைக் கை மேல் இழுத்து விட்டது யார் என்றும் எனக்குத் தெரியும். "ஆத்தாளே கூப்பிட்டுக்கிட்டா, குடுத்து வச்சவன்" என்று ஒருத்தர் சொன்னார். ஆத்தா எதற்கய்யா ரம்பம் எடுத்து எர்த்தை அறுக்கிறாள்? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறீர்கள், காதில் ஹெட்போனும் முதுகில் ரெண்டு சிறகுமாக. ஒரு ஃபிளெக்ஸில்கூடக் கரண்ட் என்கிற வார்த்தை இல்லை.

அவன் வீட்டுக் கூடத்தில் அந்த மிக்ஸரைக் குளிப்பாட்டாத குறையாகச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, அவன் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். முப்பதாம் நாள் படத்திறப்பு அன்றைக்கு அதிலேயே கார்த்தி பாட்டுப் போடப்போகிறானாம். அண்ணன் கை பட்ட மிக்ஸர், அண்ணன் பாட்டு நிற்காது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அதே மிக்ஸர். உள்ளே அதே மஞ்சள். அதே முள்ளில்லாத பிளக். ஒருத்தனைத் தூக்கிக் கொடுத்தது போதாது என்று அடுத்தவனை அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள், மாலை மரியாதையோடு. நான் யாரிடமும் கேட்கவில்லை. மாலையைக் கழற்றிப் படத்துக்குப் போட்டுவிட்டு, மிக்ஸரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து போன் மேல் போன். இழவு வீட்டில் பொருளைத் தூக்கினவள் என்று பேசுகிறீர்களாம். பேசுங்கள்.

போன வாரம் செல்வியே கடைக்கு வந்தாள். கார்த்தி வெளியில் வண்டியை ஆஃப் பண்ணாமலே நின்றான். "குடுத்துருங்கக்கா, அவரு கை பட்டது வீட்ல இருக்கட்டும்" என்றாள். நான் மிக்ஸரைத் திறந்து அவள் பக்கம் திருப்பினேன். கரண்ட் வந்து இறங்குகிற இடத்தில் மஞ்சள் காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. அதன் நடுவில் கருப்பாக ஒரு கோடு, அங்கிருந்து தகரம் வரைக்கும். அவள் விரலைக் கொண்டுபோனாள், தொடாமல் எடுத்துக்கொண்டாள்.

"பாட்டை நிறுத்தியிருந்தா அவரு இருந்திருப்பாராக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் எல்லாரும் சொல்லுவார்கள். "இருந்திருப்பான்" என்றேன்.

ஸ்டூலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அதை எழுதுங்க. நெஞ்சு வலின்னு எழுதிராதீக" என்றாள். வாசலுக்குப் போய்த் தம்பியைப் பார்த்து, "வண்டிய நிறுத்துடா மொதல்ல, உள்ள வந்து பாரு" என்று அதட்டினாள். கார்த்தி வந்து பார்த்தான். பார்த்துவிட்டு அங்கனயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நல்ல வார்த்தைகள் கேட்டீர்கள். ஏலக்காய் தரம் பிரிக்கிற ஸ்டோரில் வேலை முடித்து வருகிற கிழவிகளுக்காக அவன் வண்டியை ஓரங்கட்டிப் பழைய பாட்டு ரெண்டு போட்டுவிட்டுத்தான் கிளம்புவான். ஆளில்லாத சாவு வீட்டுக்கு மைக் செட்டை எடுத்துக்கொண்டு, கூப்பிடாமலே போய் நிற்பான். அவனைப் போல ஒரு மடையனை நான் பார்த்ததில்லை, அவனைப் போல அக்கா என்று என்னை யாரும் கூப்பிட்டதுமில்லை.

அவனிடமிருந்து நான் வைத்திருப்பது இந்த மிக்ஸரைத்தான். கழுவ மாட்டேன், பழுது பார்க்க மாட்டேன், தர மாட்டேன். வயரை வெட்டி எறிந்துவிட்டேன். கேட்டு வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுவேன். படத்திறப்புக்கு வேறு மிக்ஸர் நான் தருகிறேன், மூன்று முள்ளும் இருக்கிறது, உறையும் போட்டிருக்கிறது. கார்த்தி பாட்டுப் போடட்டும். நடுவில் யாராவது ஒரு சொட்டுத் தண்ணி சிந்தினாலும் மெயினை இறக்கச் சொல்லியிருக்கிறேன், அவனும் சரி என்று சொல்லியிருக்கிறான். பாட்டு நின்றுபோகும். பவுன்ராஜ் பேர் கெட்டுப்போகும். கெடட்டும்.