தட்டினால் விட வேண்டும்

நான் வயதுக்கு வந்ததற்குச் சாமத்திய வீடு செய்து, சேலை கட்டிப் படமெடுத்து, ஜேர்மனியில் நாங்கள் இருந்த பீலெஃபெல்ட் நகர் முழுக்கப் பலகாரம் பங்கிட்டு முடிந்த கையோடு மாமி தன் வழக்கைத் தொடங்கினார். மாமி அப்பாவின் அக்கா, எங்கள் குடும்பத்தின் உச்ச நீதிமன்றம். வழக்கு நான் போகும் ஜியு ஜிட்சு என்ற தற்காப்புக்கலை வகுப்பைப் பற்றியது.

"பெரியபிள்ளையான பெட்டை, பெடியங்களோடை நிலத்திலை கட்டிப் புரளுறதோ? சனம் என்ன கதைக்கும்?"

அப்பா வழக்கம்போல் தேநீர்க் கோப்பைக்குள் ஒளிந்துகொண்டார். அம்மா மட்டும், "நான் ஒருக்காப் போய்ப் பாத்திட்டுச் சொல்லுறன் மச்சாள்" என்றார். பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத நான் அந்த வகுப்பின் பாயில் மட்டும்தான் யாருக்கும் பயப்படாமல் இருந்தேன். அதை நிறுத்தினால் செத்தே போவேன் என்று உண்மையாக நம்பிய வயது.

அம்மா வந்தார். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கைப்பையை மடியில் வைத்தபடி, முன்பின் தெரியாதவர்களின் கலியாணத்துக்கு வந்தவர்போல வாங்குப் பலகையின் நுனியில் உட்கார்ந்தார். போதாக்குறைக்குப் பயிற்சியாளர் அன்று பார்த்து வகுப்பிலேயே பெரிய பையனை எனக்குச் சோடி சேர்த்துவிட்டார். சரி, இன்றோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று தோள்பூட்டு. எதிராளியை மல்லாத்தி, நெஞ்சின்மேல் குறுக்கே படுத்து அமுக்க வேண்டும். அவன் மணிக்கட்டைத் தலையருகே பாயோடு அழுத்திப் பிடித்து, நம் மற்றக் கையை அவன் மேற்கையின் கீழால் நுழைத்து, நம் மணிக்கட்டையே பற்றிக்கொள்ள வேண்டும். பிறகு அவசரமே இல்லாமல், மேசை துடைப்பதுபோல அவன் கையை இடுப்புப் பக்கம் இழுத்து, முழங்கையைக் கொஞ்சம் உயர்த்தினால் தோள் பூட்டிக்கொள்ளும். பெரிய பலமொன்றும் தேவையில்லை. பையன் முகம் சிவந்து என் முதுகில் டப் டப்பென்று தட்டினான். உடனே விட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

திரும்பும்போது ட்ராமில் பேச்சு விழும் என்று காத்திருந்தேன். அம்மா கேட்டது வேறு.

"அவன் தட்டினவுடனை ஏன் விட்டனீ?"

"தட்டினா விடவேணும் அம்மா. அதுதான் சட்டம்."

"கோவத்திலை இருந்தாலும்?"

"ஓம்."

"அவன் தட்டினதைக் காணாத மாதிரி நீ இருந்தா?"

"அப்பிடி இருக்க ஏலாது. பிறகு ஒருத்தரும் என்னோடை விளையாட வரமாட்டினம்."

அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பையனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனக்கு ஒரே புதினமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கம்பளத்தில் மல்லாந்து படுத்தார். "எனக்குச் செய் பாப்பம்" என்றார். பூட்டைப் போட்டேன். நான் இழுக்கவே இல்லை, அதற்குள் தட்டினார். விட்டேன். "இன்னொருக்கா." இந்தமுறை கொஞ்சம் பொறுத்துத் தட்டினார். விட்டேன். அடுத்தமுறை ஒரு விரலால், பட்டும் படாமலும். அதற்கும் விட்டேன். அம்மா சிரிக்கத் தொடங்கி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். வேலையால் வந்த அப்பா கதவடியில் நின்று பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"காணும் பிள்ளை, அம்மாவை விடு."

"நீங்கள் சும்மா இருங்கோ. பிள்ளை சரியாத்தான் செய்யுது" என்றார் அம்மா. பிறகு மாமிக்குத் தொலைபேசி எடுத்தார். "அவள் போகட்டும் மச்சாள். அங்கை நல்ல பழக்கம்தான் பழக்கினம்."

இலங்கையில், ஊரில் இளம் பெண்ணாக இருந்தபோது அம்மாவை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய் முகாமில் வைத்திருந்ததையும், கையை முறுக்கி விசாரித்ததையும், எவ்வளவு கெஞ்சியும் விடாததையும் என் கலியாணத்துக்குப் பிறகுதான் அப்பா சொன்னார். அதுவும் அரைகுறையாக. கேட்டுவிட்டு நெடுநேரம் அழுதேன்.

அன்றைக்கு இதொன்றும் எனக்குத் தெரியாது. இத்தனை தரம் செய்து காட்டியும் அம்மா ஒருமுறைகூட எனக்குப் பூட்டுப் போட்டுப் பார்க்கவில்லையே, பாவம், அவருக்கு விளங்கவில்லை போல, நாளைக்கு இன்னும் ஆறுதலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.